சட்டித்தலையனும் சோப்பு டப்பாவும்

நான்காம் வகுப்பு முழுப்பரீட்சை லீவில் ஒரு மத்தியானம், அம்மாவின் அலுமினியச் சட்டி என் தலையில் மாட்டிக்கொண்டது. மாட்டும்போது சுலபமாகத்தான் போனது. கழற்றும்போது இரண்டு காதும் குறுக்கே வந்தன. எதிரே நின்ற தம்பி கையில் காலி சோப்பு டப்பா, அதில் ஒரு ஈர்க்குச்சி ஏரியல். "ஆர்ச்சி, தலையைக் கழற்று!" என்று பொத்தானை அமுக்கிக்கொண்டே இருந்தான். கடைசியில் தேங்காய் எண்ணெயும் அம்மாவின் கையும்தான் கழற்றின. சட்டியின் விளிம்பு நெளிந்துபோனது. முதுகில் ரெண்டு விழுந்தது.

எல்லாம் இயந்திர மனிதன் ஆர்ச்சியால் வந்த வினை. 1984ல் சிவகாசியிலிருந்து வரத் தொடங்கிய லயன் காமிக்ஸ் எங்களுக்குப் பழக்கிவிட்ட ஆள். கவிழ்த்த சட்டி போல ஒரு தலை, பீப்பாய் உடம்பு, தூண் தூணாகக் கைகால். 'சட்டித்தலையன்' என்றே தமிழ் வாசகர்களிடம் செல்லப்பெயர் வாங்கிவிட்டான். கூடவே வரும் மனிதர்கள் இருவர், விக்டரும் தாமஸும். காலத்துக்குள் பயணம் போக 'கோட்டை' என்றொரு இயந்திரம், சதுரங்கக் கோட்டைக்காயைப் பெரிதாக்கினாற்போல. எங்கள் கோட்டை மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி. அதன்மேல் ஏறி உட்கார்ந்து எத்தனையோ நூற்றாண்டுகளைப் பார்த்துவிட்டு, சாப்பாட்டு நேரத்துக்குக் கீழே இறங்கிவிடுவோம்.

பையன்களுக்கு மற்ற காமிக்ஸ் நாயகர்களான மாயாவியும் ஸ்பைடரும் பிரமிப்பு. ஆர்ச்சி அப்படியில்லை, எங்களில் ஒருத்தன். அவ்வளவு பலம் இருந்தும் வாய் சும்மா இருக்காது. தன்னைப் போல் உண்டா என்று பீற்றிக்கொள்வான். யாராவது கேலி செய்தால் முறுக்கிக்கொள்வான். வீரம் காட்டப் போய் எதையாவது உடைத்து வைப்பான். எங்கள் தெருவிலேயே அப்படி நாலு பேர் உண்டு. அவர்களுக்கு இரும்பு உடம்பு இல்லை, அவ்வளவுதான். கதையில் சிறுவன் யாரும் வருவதில்லை. வளர்ந்த இரண்டு ஆண்களோடு சுற்றும் அந்த இரும்புக் குழந்தைக்கு வயதொத்த சிநேகிதர்கள் நாங்கள்தான் என்று நினைப்பு.

நாங்கள் படித்த கதைகளில் ஆர்ச்சிக்கு ரிமோட் கிடையாது, அவன் இஷ்டத்துக்குத்தான் நடப்பான். சோப்பு டப்பா தம்பியின் சொந்தக் கற்பனை. ஆர்ச்சி வேஷத்தை நான் விட்டுத்தரவில்லை. தம்பிக்கும் ஒரு வேலை வேண்டுமே!

ஆர்ச்சியின் பூர்வீகத்தை நான் தேடிப் படித்தது வெகுகாலம் கழித்து. பிறந்த ஊர் இங்கிலாந்து. அங்கே வந்த 'லயன்' என்ற வார இதழின் முதல் இதழில், 1952 பிப்ரவரியில், 'காட்டு ரோபோ' என்ற பொருள்படும் தலைப்பில் தலைகாட்டியிருக்கிறான். எழுதியவர் ஜார்ஜ் கோவன். பெரும்பாலான ஆண்டுகள் வரைந்தவர் டெட் கியரன். நம் விக்டர், தாமஸின் இடத்தில் அங்கே டெட் ரிச்சி, கென் டேல். டெட்டின் மாமா ஒரு பேராசிரியர். அவர் செய்த இயந்திரம்தான் ஆர்ச்சி. முதல் கதை முடிந்ததும் காணாமல் போனவன் 1957ல் திரும்பி வந்து, 1974ல் அந்த இதழ் நிற்கும்வரை ஓடியிருக்கிறான்.

என்னை நிமிர்ந்து உட்கார வைத்த தகவல் இன்னொன்று. ஆரம்பகால ஆர்ச்சிக்குப் பேச்சே கிடையாது. கையில் ஒரு பெட்டியை வைத்து, பொத்தானைத் தட்டித்தான் அவனை நடக்கவிட்டார்கள். குரலும் சொந்தப் புத்தியும் பிறகு வந்தவை. வாய் வந்ததும் வாய்ச்சவடாலும் வந்துவிட்டது.

பெட்டிக்கு அடங்கி நடந்தவரை அவன் ஒரு கருவி. பீற்றவும் கோபித்துக்கொள்ளவும் தெரிந்த பிறகுதான் சிநேகிதனானான். இன்று என் கைபேசி நான் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறது. எத்தனை திட்டினாலும் ஒருநாள்கூட முறுக்கிக்கொண்டதில்லை. அதனாலேயே அதன்மேல் ஒட்டுதல் வரவில்லை.

போன வாரம் தம்பியைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். கோயம்புத்தூரில் இருக்கிறான், தலை நரைத்துவிட்டது. "பார்த்தியாண்ணே? ஒன்னும் தெரியாத வயசுலயே முதல் ஆர்ச்சியைக் கண்டுபிடிச்சது நான்தான்" என்று கால்மணி நேரம் பீற்றினான். ஆர்ச்சி கெட்டான். நான் குறுக்கே பேசவில்லை. கேட்டு ரொம்ப நாளாகிவிட்டது.

அந்தப் புத்தகங்களில் ஒன்றுகூட இப்போது வீட்டில் இல்லை. இரவல் போனது பாதி, எடைக்குப் போனது பாதி. நெளிந்த சட்டி மட்டும் ஊரில் இருக்கிறது. அம்மா அதில் கோழிக்குத் தண்ணீர் வைக்கிறாள்.