நத்தையைக் கொன்றவர்கள்

சமத் பெஹ்ராங்கி என்ற பெயரை எங்களிற் பலர் முதலில் கேட்டது ஈரானியர்களின் வாயிலிருந்துதான். எண்பதுகளில் ஐரோப்பாவின் அகதி முகாம்களில் அவர்களும் நாங்களும் ஒரே குசினியில் சமைத்தோம், ஒரே வரிசையில் நின்றோம். ஷாவை எதிர்த்துச் சிறையிருந்து, 1979ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின்னர் கொமெய்னியின் ஆட்சியிலும் வேட்டையாடப்பட்ட இடதுசாரிகள் பலர் அவர்களுக்குள் இருந்தார்கள். தெரிந்த அரைகுறை ஜேர்மனிலோ பிரெஞ்சிலோ இலக்கியம் பற்றிக் கதைக்கத் தொடங்கினால், ஒரு மீன்குட்டியின் கதை எப்படியும் வந்துவிடும். சித்திரவதைகளைக் கண்டு வந்த மனிதர்கள் ஒரு சிறுவர் கதையை இவ்வளவு பயபக்தியோடு சொல்வது எமக்கு விநோதமாகத்தான் இருந்தது.

பெஹ்ராங்கி 1939இல் தப்ரீஸ் நகரில் ஏழைக் குடும்பமொன்றில் பிறந்தவர். பதினெட்டு வயதில் வாத்தியாராகி, பதினொரு வருடங்கள் ஈரானிய அசர்பைஜானின் கிராமங்களிற் படிப்பித்தார். அந்தப் பிள்ளைகளின் வீட்டு மொழி அசேரித் துருக்கி. பள்ளிக்கூடத்தின் மொழி பாரசீகம். அந்தக் கல்விமுறைக்கும் கிராமத்துப் பிள்ளையின் வாழ்வுக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்று அவர் கோபத்தோடு எழுதினார். நண்பர் பெஹ்ரூஸ் தெஹ்கானியுடன் சேர்ந்து அசேரி நாட்டார் கதைகளைச் சேகரித்துப் பாரசீகத்தில் வெளியிட்டார். மொழியின் பேரால் அடிபட்ட எமக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

1968 ஓகஸ்ட் இறுதியில், ஈரானுக்கும் அன்றைய சோவியத் ஒன்றியத்துக்கும் எல்லையாக ஓடிய அராஸ் ஆற்றில் அவர் மூழ்கி இறந்தார். வயது 29. அதே வருடம் 'குட்டிக் கறுப்பு மீன்' வெளிவந்தது. ஃபர்ஷித் மெஸ்காலி வரைந்த படங்களுக்கு 1969இல் பொலோஞ்ஞாவில் பரிசு கிடைத்தது. 1974இல் அவருக்கு ஹான்ஸ் கிறிஸ்தியன் அண்டர்சன் விருதும் கிடைத்தது. ஷாவின் மனைவி ஃபராவின் ஆதரவில் இயங்கிய நிறுவனமே இந்நூலை வெளியிட்டது என்பது வரலாற்றின் குறும்பு.

கதை சின்னது. மாரியின் மிக நீண்ட இரவில் ஒரு கிழட்டு மீன் தன் பன்னிரண்டாயிரம் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் அதைச் சொல்கிறது. ஒரு மலையோடையில், பாசி மூடிய கறுத்தப் பாறைக்குப் பின்னால், தாயும் குட்டியும் வாழ்கின்றன. தாய் இட்ட பத்தாயிரம் முட்டைகளில் மிஞ்சியது இந்தக் குட்டி மட்டும். ஒரு நாளாவது வீட்டுக்குள்ளிருந்து நிலவைப் பார்க்க அதற்கு ஆசை. ஒரு விடியற்காலையில், ஓடை எங்கே போய் முடிகிறது என்று பார்க்கப் போகிறேன் என்கிறது. ஓடைக்கு முடிவு கிடையாது, உலகமே இவ்வளவுதான் என்கிறாள் தாய். அயலவர்கள் கூடுகிறார்கள்.

புரட்சியாளர்களின் வாயில் இந்தக் கதை வேகமாகக் கடலுக்குப் போய்விடும். பல்லி கொடுத்த குத்துவாள், கொக்கின் வயிற்றுக்குள் நடக்கும் கடைசிப் போர், திரும்பி வராத மீன் என்பவையே அவர்களுக்கு முக்கியம். 1971இல் சியாக்கல் தாக்குதலோடு தொடங்கிய கெரில்லாப் போராட்டத்தின் இளைஞர்கள் இந்த மீனில் தங்களைக் கண்டார்கள். அதே வருடம் பெஹ்ரூஸ் தெஹ்கானியும் சிறையில் சித்திரவதையால் இறந்தார். மீனின் கதை தியாகிகளின் கதையாயிற்று.

ஆனால் புத்தகத்தை நிதானமாக வாசித்தால் வேறொன்று கண்ணில் படுகிறது. கொக்கு வருவதற்கு வெகு முன்னரே கதையில் ஒரு கொலை நடந்து முடிந்திருக்கிறது. அந்த ஓடையில் ஒரு நத்தை இருந்தது. குட்டி மீனின் சிநேகிதன். கண்ட இடமெல்லாம் வேண்டாத கதை கதைத்தது என்பது அதன் குற்றம். அதைக் கொன்றது சரிதான் என்று ஒரு கிழட்டு மீன் கூச்சமில்லாமற் சொல்கிறது. அப்படியானால் என்னையும் கொல்லுங்கள், நானும் அதைத்தானே சொல்கிறேன் என்கிறது குட்டி. நத்தையைக் கொன்றது கொக்கோ கூழைக்கடாவோ இல்லை. அயல்வீட்டார்.

இரண்டாவது இடம் கூழைக்கடாவின் பை. குட்டி மீனோடு வழியிற் சேர்ந்த சின்ன மீன்களும் அதற்குள் அகப்படுகின்றன. எங்களைக் கெடுத்தது இந்தக் கறுப்பன்தான், நாங்கள் அப்பாவிகள் என்று அவை மன்றாடுகின்றன. அவனைக் கொன்றால் உங்களை விடுகிறேன் என்கிறது கூழைக்கடா. சின்ன மீன்கள் தயார். இது தந்திரம் என்று சொல்லிப் பார்க்கும் குட்டி, கடைசியிற் குத்துவாளைக் காட்டி மிரட்டித்தான் அவற்றைத் தன் யோசனைக்கு இணங்க வைக்கிறது. பெஹ்ராங்கி இதை மறைக்கவில்லை. பறவைக்கு எதிராகக் கிடைத்த ஆயுதம் முதலில் நீளுவது சொந்த இனத்தின் பக்கம். குட்டி செத்ததுபோற் கிடக்கிறது. வேலையை முடித்துவிட்டோம் என்று மற்றவை சொல்கின்றன. கூழைக்கடா அவற்றை அப்படியே விழுங்குகிறது. குட்டி பையைக் கிழித்துக்கொண்டு தப்புகிறது.

பெஹ்ராங்கியின் மரணத்துக்கு நேர்ந்ததும் இதனோடு சேர்த்து யோசிக்க வேண்டியது. அவருக்குச் சரியாக நீந்தத் தெரியாது. ஆனாலும் ஷாவின் இரகசியப் பொலிஸான சவாக் கொன்றது என்ற கதை பரவியது. பெயர்பெற்ற எழுத்தாளர் ஜலால் அல்-இ அஹ்மத் எழுதிய அஞ்சலிக் கட்டுரை அந்தக் கதைக்கு வலுச் சேர்த்தது. ஆற்றங்கரையில் உடனிருந்த நண்பர் ஒரு இராணுவ அதிகாரி. பல்லாண்டுகள் கொலைகாரன் என்ற சந்தேகத்தைச் சுமந்த அவர், பிற்காலத்தில் எழுதிய நினைவுக்குறிப்புகளில் அது விபத்துத்தான் என்றார். சவாக் பலரைக் கொன்றது உண்மை. ஆயினும் ஒரு கிராமத்து வாத்தியார் ஆற்றில் தவறி இறந்தார் என்பதை ஏற்க ஒரு தலைமுறைக்கு மனம் வரவில்லை. அதற்கு ஒரு கொக்கு தேவைப்பட்டது. அதற்கான விலையைக் கொடுத்தது சொந்த ஓடையைச் சேர்ந்த ஒருவர்.

இங்கே வந்ததும் நாங்கள் ஈரானை விட்டு எங்கள் பக்கம் திரும்பாமல் இருக்க முடியாது. எங்களைத் துரத்திய கொக்குகள் எவை என்று எமக்கு நன்றாகத் தெரியும். 1983ஐ நாங்கள் மறக்கவில்லை, முள்ளிவாய்க்காலின் 2009ஐ மறக்கப்போவதுமில்லை. ஆனால் 1986இல் டெலோ இளைஞர்கள் யாழ்ப்பாணத்துத் தெருக்களில் விடுதலைப் புலிகளால் சுட்டும் எரித்தும் கொல்லப்பட்டபோது குத்துவாள் எந்தப் பக்கம் நீண்டது? 1989 செப்ரெம்பர் 21இல் மருத்துவரும் விரிவுரையாளருமான ராஜினி திராணகம யாழ்ப்பாணத்தில் சுடப்பட்டார். 1994 மே முதலாம் திகதி சபாலிங்கம் பாரிஸில் தன் வீட்டில் சுடப்பட்டார். ஓடையை விட்டு இவ்வளவு தூரம் வந்த பின்னரும் நத்தையைத் தேடி வந்தார்கள். கண்ட இடமெல்லாம் கதைத்தால் இப்படித்தான் என்று எங்களுக்குள்ளேயே சொன்னவர்கள் இருந்தார்கள். அந்தக் கிழட்டு மீனின் குரல் எந்த மொழியிலும் ஒன்றுதான்.

குட்டி மீனின் கடைசிச் செயலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கொக்கின் வயிற்றுக்குள் அது காண்பது அம்மா வேண்டும் என்று அழுகிற ஒரு பொடி மீனை. கொக்குக்குக் கிச்சுக்கிச்சு மூட்டிச் சிரிக்க வைத்து, திறந்த வாயால் அந்தப் பொடியை முதலில் வெளியே அனுப்புகிறது. அதன் பிறகே குத்துவாள். கொக்கு செத்து விழுகிறது. வெளியே காத்திருந்த பொடிக்கு அதன் பின் ஒரு தகவலும் கிடைக்கவில்லை. தியாகத்தைப் பாடுபவர்கள் கொக்கு விழுந்ததைப் பாடுவார்கள். ஒரு பிள்ளை தாயிடம் போகட்டும் என்பதற்காகவே அது நடந்தது என்பதை அவர்கள் சொல்லுவது குறைவு. பிள்ளைகளைத் தாய்மாரிடமிருந்து பிரித்துக் களத்துக்குக் கொண்டுபோன ஒரு போரைக் கண்ட எமக்கு, இந்த வித்தியாசம் சின்ன வித்தியாசமல்ல.

கதை முடிந்ததும் பதினோராயிரத்துத் தொளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது மீன்கள் நித்திரைக்குப் போகின்றன. ஒரு சின்னச் சிவப்பு மீனுக்கு மட்டும் நித்திரை வரவில்லை. விடியும்வரை கடலை நினைத்துக்கொண்டிருக்கிறது.

'குட்டிக் கறுப்பு மீன்' ஜேர்மன், பிரெஞ்சு உட்படப் பல மொழிகளில் கிடைக்கிறது. எங்கள் பேரப்பிள்ளைகளுக்கு இரவில் அதை வாசித்துக் காட்டலாம், காட்டவேண்டும். குத்துவாளைப் பற்றி அவர்கள் அதிகம் கேட்கமாட்டார்கள், அதைப் படத்திற் பார்த்துக்கொள்வார்கள். அந்த நத்தையை ஏன் கொன்றார்கள் என்று கேட்பார்கள். பக்கத்தைப் புரட்டிவிடாமல், அந்த இடத்தில் கொஞ்சம் நிற்போம்.