எலும்புக்கூடு வாட்சும் செங்கல்பட்டு பாயும்

ஸ்கெலிட்டன் வாட்ச் பார்த்திருப்பீங்க. டயல் இருக்காது, இருந்தாலும் பாதிய வெட்டி எடுத்திருப்பாங்க. பல்சக்கரம் சுத்தறது, ஸ்பிரிங் மூச்சு விடற மாதிரி விரிஞ்சு சுருங்கறது எல்லாம் வெளியவே தெரியும். சீனத் தயாரிப்பு ஒண்ணு ரெண்டாயிரத்துக்கே கிடைக்குது. சுவிஸ்காரங்க கையால செதுக்கினதுன்னா லட்சக்கணக்குல விலை!

ஏன் இவ்வளவு வித்தியாசம்னு புரியணும்னா மாமல்லபுரம் பக்கம் வாங்க. பாறையில வேண்டாததை எடுத்துட்டு ரதத்தை மட்டும் மிச்சம் வச்சாங்க இல்லையா? அதே வேலைதான். சக்கரங்களைத் தாங்கற தகட்டுல தேவையில்லாத இடத்தையெல்லாம் அறுத்து எடுக்கணும். கொஞ்சம் கூடுதலா எடுத்துட்டா தகட்டுக்கு பலம் போயிடும். மலிவு வாட்சுல இதை மெஷினே வெட்டித் தள்ளிடுது.

நம்ம நாட்டுல சாவி கொடுக்கற வாட்ச்னா எச்.எம்.டி.தான். 1961-ல் ஜப்பானோட சிட்டிசன் கம்பெனி தொழில்நுட்பத்தோட பெங்களூர்ல ஆரம்பிச்சாங்க. எங்கப்பா கட்டினது அதுல 'ஜனதா'. 17 கல், மணிக்கு 18,000 துடிப்பு. அதாவது விநாடிக்கு 5. காதுகிட்ட வச்சா நல்லாவே கேட்கும்.

1969 டிசம்பர்ல சீக்கோ குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை இறக்கினதும் உலகமே மாறிப்போச்சு. 1984-ல் டாடாவும் நம்ம டிட்கோவும் சேர்ந்து டைட்டனை ஆரம்பிச்சாங்க. ஓசூர்ல ஃபாக்டரி, குவார்ட்ஸை நம்பியே இறங்கினாங்க. எச்.எம்.டி.யும் குவார்ட்ஸ் செஞ்சு பார்த்துச்சு, ஈடு கொடுக்க முடியலை. 2016-ல் எச்.எம்.டி. வாட்சஸ் நிறுவனத்தை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்துடுச்சு.

ஆனா அப்பாவோட ஜனதா இன்னும் ஓடுது. காரணம், செங்கல்பட்டுல ஒரு வாட்ச் ரிப்பேர் பாய். எழுபது தாண்டினவர். ஓடாத பழைய எச்.எம்.டி.க்களை ஒரு பிஸ்கட் டப்பாவுல போட்டு வச்சிருக்கார். அதுதான் அவரோட ஸ்பேர் பார்ட்ஸ் குடோன். "கடற்கரைப் பக்கம் கட்டிட்டுப் போகாதீங்க தம்பி, உப்புக் காத்து உள்ள போனா ஸ்பிரிங் துருப்பிடிச்சிடும்"னு ஒவ்வொரு தடவையும் சொல்வார்.

என் நண்பனோட ஸ்கெலிட்டன் வாட்சை ஒருநாள் அவர்கிட்ட காட்டினேன். லென்ஸை மாட்டிட்டு ரெண்டு நிமிஷம் பார்த்தார். "பார்க்க அழகா இருக்கு. உடைஞ்சா இதுக்குப் பார்ட்ஸ் எங்க போய்த் தேடுவேன்?"னார். உள்ள ஓடறதைப் பார்க்க நமக்குத்தான் ஸ்கெலிட்டன் வேணும். பாய்க்கு எல்லா வாட்சுமே ஸ்கெலிட்டன்தான்!

கல்லு செதுக்கக் கத்துக்க மாமல்லபுரத்துல 1957-லேர்ந்து சிற்பப் பள்ளி இருக்கு. அதுவே பிறகு கல்லூரியாச்சு. இன்னிக்கும் பசங்க உளி பிடிக்கறாங்க. ஆனா பாய்கிட்ட தொழில் கத்துக்க யாரும் வரலை. மகன் மறைமலை நகர்ல ஒரு கம்பெனியில வேலை பார்க்கறார். அதைத் தப்புன்னு சொல்ல முடியுமா? ஒரு வாட்சைக் கழட்டிக் கழுவி எண்ணெய் போட்டு மாட்ட அரை நாள் ஆகுது. அதுக்குக் கேட்கற கூலியில நாமளே பேரம் பேசறோம்.

கம்பெனி மூடினதுல ஜனதா சாகலை. பாய் கடையை மூடினா, டப்பாவுல அத்தனை பார்ட்ஸ் இருந்தும் அது நின்னுடும்.

உங்க வீட்டு பீரோவுல ஜனதாவோ, பைலட்டோ, கோஹினூரோ தூங்குதான்னு பாருங்க. ஓடலைன்னா நீங்களே திறக்காதீங்க. உங்க ஊர்லயும் கண்ணுல லென்ஸோட ஒருத்தர் உட்கார்ந்திருப்பார். அவர் இருக்கும்போதே எடுத்துட்டுப் போங்க. முக்கியமா, கூலியில பேரம் பேசாதீங்க.