எட்ட வட்டம்

ஜனவரி 17, சாங்க்ரி

டேராடூனிலிருந்து ஏறக்குறைய 200 கிலோமீட்டர் மலைப்பாதை. நாள் முழுக்க ஜீப்பில் குலுங்கி, இருட்டியபின் வந்து சேர்ந்தோம். கைபேசியில் நாளை மறுநாளுக்கு "ஓரளவு மேகம், 4 டிகிரி" என்று காட்டுகிறது. அக்கா மகனுக்கு ஒரே சந்தோஷம். அந்த 4 டிகிரி, 1,950 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்த ஊருக்கு. நாங்கள் ஏற வந்த கேதார்காந்தாவின் உச்சி 3,810 மீட்டர். ஆயிரம் மீட்டருக்கு 6.5 டிகிரி குறையும் என்ற சராசரிக் கணக்கில் பார்த்தாலே இன்னும் 12 டிகிரி கழிக்க வேண்டும். காற்றுக்குத் தனிக் கணக்கு. மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 40 கிலோமீட்டர் காற்றடித்தால், திறந்திருக்கும் தோலுக்கு அது மைனஸ் 21.

ஜனவரி 18, ஜூடா கா தாலாப்

குளம் உறைந்து கிடக்கிறது. மதியம் பால் தெளித்தாற்போல் மெல்லிய மேகம். அதன் நடுவே சூரியனைச் சுற்றிப் பெரிய வட்டம். "கிட்ட வட்டம் எட்ட மழை, எட்ட வட்டம் கிட்ட மழை" என்று ஆச்சி சொல்வார். நிலாவைப் பார்த்துச் சொன்னது. இங்கே சூரியனுக்கும் பொருந்துகிறது. சிறு வட்டம் நீர்த்துளிகளால் வருவது. இந்தப் பெரிய வட்டம், மிக உயரத்தில் பரவும் மேகத்தின் பனிப்படிகங்களில் ஒளி வளைவதால் வருவது. பெரிய மேகக்கூட்டத்துக்கு முன்னால் வரும் மேகம் அது. மத்தியதரைக் கடல் பக்கம் உருவாகி, ஈரான், ஆப்கானிஸ்தான் தாண்டி, மேலடுக்கு மேற்குக் காற்றோடு இமயமலையில் வந்து மோதும் "மேற்கத்திய இடையூறு" குளிர்காலத்தில் மாதத்துக்கு நான்கைந்து முறை வரும். இங்கே விழும் வெண்பனியில் பெரும்பகுதி அது கொண்டுவருவதுதான்.

எங்கள் வழிகாட்டி வட்டத்தைப் பார்த்துவிட்டு, "நாளைக்குச் சாயங்காலம், தீதி" என்றார். அவ்வளவுதான்.

குளக்கரைப் பள்ளம் காற்று மறைவாக இருக்கிறதே, அங்கே கூடாரம் போடலாம் என்றேன். அவர் ஐம்பதடி மேலே போட்டார். இரவில் குளிர்ந்த காற்று கனத்து, தண்ணீர் மாதிரி சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குமாம். சந்தேகத்தோடு இரவு இறங்கிப் பார்த்தேன். பத்தடிக்குப் பத்தடி மூக்கு நுனியில் வித்தியாசம் தெரிந்தது. தண்ணீர் பாட்டில்களைத் தலைகீழாக வைத்திருக்கிறோம். மேலிருந்துதான் உறையும், காலையில் நிமிர்த்தினால் வாய்ப்பக்கம் திறந்திருக்கும். வெறும் பியூட்டேன் அடைத்த அடுப்பு உருளை சுழியத்துக்குக் கீழே ஆவியாகாது என்பதால் அதையும் தூக்கப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு படுத்தேன்.

ஜனவரி 19, அடிவார முகாம்

நான்கரை மணிக்குத் தொடங்கியது. முதலில் ஜவ்வரிசி போலச் சிறு உருண்டைகள், கூடாரத் துணியில் சடசடவென்று. ஒரு மணி நேரத்தில் அது நின்று, அரிசி மாவு சலித்தாற்போல் சத்தமில்லாமல் விழ ஆரம்பித்தது. அதைவிடக் காற்றுதான் பயமாக இருந்தது.

அதிகாலை மூன்று மணிக்கு உச்சிக்குக் கிளம்புவதாகத் திட்டம். இரவின் குளிரில் பனி இறுகியிருக்கும், வெயில் ஏறினால் கால் புதையும், பகலில் முகட்டில் காற்றும் வலுக்கும். அதனால்தான் அந்த நேரம். இன்று இரவு மேகம் மூடியிருக்கிறது, பனி இறுகாது.

"சித்தி, இவ்வளவு தூரம் வந்தாச்சு. லீவும் முடியுது" என்றான்.

பதிலாக அவனிடம் சஹஸ்ரதால் விபத்தைப் பற்றிச் சொன்னேன். 2024 ஜூன் தொடக்கத்தில், இதே உத்தரகாசி மாவட்டத்திலிருந்து ஏறிய 22 பேர் குழு, பெரும்பாலும் கர்நாடகாக்காரர்கள், பனிப்புயலில் மாட்டிக்கொண்டது. ஒன்பது பேர் திரும்பவில்லை. ஜூன் மாதத்தில். நனைந்த உடம்பு, நிற்காத காற்று, ஒதுங்க இடமில்லாத வெளி. இந்த மூன்றும் போதும். முதலில் நடுக்கம், பிறகு பேச்சுக் குழறல், பிறகு நடுக்கமே நின்றுவிடும். நடுக்கம் நின்றால் குளிர் விட்டுவிட்டது என்று அர்த்தமில்லை, உடம்பு கைவிடுகிறது என்று அர்த்தம். அவன் எதுவும் பேசவில்லை. எனக்கும் தொண்டை அடைத்தது. லீவு கிடைப்பதும் பயணச்சீட்டுத் தேதியும் அந்த ஒன்பது பேருக்கும் நம்மைப்போலத்தானே இருந்திருக்கும்.

ஜனவரி 20, அதே இடம்

மூன்று மணிக்கு எழுந்தோம். முழங்கால் அளவு புதுப்பனி. வழிகாட்டி டார்ச்சோடு நூறு மீட்டர் ஏறி, கைத்தடியால் குத்திப் பார்த்துவிட்டு இறங்கினார். மேற்குக் காற்று முகட்டின் ஒரு பக்கத்துப் பனியை வழித்து மறுபக்கம் குவிக்கிறது. குவிந்தது பலகை மாதிரி ஒட்டாமல் பழைய பனிமேல் உட்கார்ந்திருக்கும். 30 முதல் 45 டிகிரிச் சரிவுகளில்தான் அந்தப் பலகை அதிகம் பெயர்கிறது. அதற்கு ஓர் ஆள் எடையே போதும். "இன்னிக்கு வேண்டாம், தீதி."

வேண்டாம் என்று முதலில் தலையாட்டியது அக்கா மகன்தான். கூடாரத்துக்குள் இஞ்சி டீ குடித்துவிட்டு, விடிந்ததும் இறங்கினோம்.

ஜனவரி 21, சாங்க்ரி

கண்ணைக் கூசவைக்கும் நீலம். தேவதாரு இலைகூட அசையவில்லை. முற்றத்தில் வெயில் காய்ந்தபடி, "ஒரு நாள் பொறுத்திருந்தால் ஏறியிருக்கலாமே சித்தி" என்றான். நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். வழிகாட்டி கிழக்கே கை நீட்டினார். 6,252 மீட்டர் ஸ்வர்காரோஹிணியின் உச்சியிலிருந்து வெள்ளைக் கொடி ஒன்று பக்கவாட்டில் நீளமாகப் பறந்துகொண்டிருந்தது. மேகமில்லை, காற்று வாரி வீசும் பனி. அவன் கைபேசியை எடுத்து, அந்தக் கொடி வெயிலில் கலையும் வரை படம் பிடித்துக்கொண்டிருந்தான்.