கெந்திக்கொண்டு காத்திருந்தவள்

சென்ற முறை முள்ளியவளைக்குப் போயிருந்தபோது தங்கையின் மகள் ஏனோ வாடியிருந்தாள். தரம் ஆறில் படிக்கிறாள். வழக்கமாக வாய் ஓயாதவள். காரணத்தைத் தங்கைதான் சொன்னாள்.

கனடாவில் பிறந்து வளர்ந்த பெரியப்பா மகளுக்கு இவள் ஆங்கிலத்தில் ஒரு செய்தி அனுப்பியிருக்கிறாள். 'உன்னைக் காணலாம் என நம்பியிருக்கிறேன்' என்பது கருத்து. 'ஹோப்பிங்' என்ற சொல்லில் ஒரு 'பி' வரவேண்டிய இடத்தில் இரண்டு போட்டுவிட்டாள். பொருள் மாறிவிட்டது: உன்னைக் காண ஒற்றைக்காலில் கெந்திக்கொண்டிருக்கிறேன்! பதிலுக்குச் சிரிக்கும் முகங்கள் வரிசையாக வந்தன. அதன்பின் இவள் எழுதவேயில்லை.

அந்தப் பிள்ளைக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. ஆக, எழுத்தில் இருவரையும் இணைப்பது ஆங்கிலம் ஒன்றுதான். போர் திக்கெட்டும் சிதறடித்த குடும்பங்களுக்கு இது சிறிய விடயமல்ல.

"எல்லாத்தையும் பாடமாக்கத்தான் வேணும் மாமா. எனக்கு நினைவில நிக்குதில்லை."

எனக்கும் அப்படித்தான் கற்பித்தார்கள். பிழைக்கு அடி விழுந்தது, காரணம் சொல்லப்படவில்லை. பல்கலைக்கழகத்தில் நன்னூலைப் படித்தபோதும், அந்தக் காரணத்தைச் சொல்ல ஒரு வழி அதில் இருப்பதை நான் உணரவில்லை.

"கல்லோடு ஐ சேர்ந்தால்?"

"கல்லை."

"காலோடு?"

"காலை."

"கல்லில் ஒற்று இரட்டித்தது. காலில் ஏன் இரட்டிக்கவில்லை?"

சற்று யோசித்தாள். "கா நெடில்."

அவ்வளவுதான். தனிக்குறிலை அடுத்த ஒற்று, உயிர் வந்தால் இரட்டிக்கும். கெந்துதலைக் குறிக்கும் 'ஹொப்' குறுகிய ஓசை. ஆகவே 'இங்' சேரும்போது 'பி' இரட்டிக்கிறது. 'ரீட்' நெடிய ஓசை. 'ரீடிங்' ஆகும்போது எதுவும் இரட்டிப்பதில்லை. நம்புதலைக் குறிக்கும் 'ஹோப்' என்ற சொல்லின் கடைசியில் ஒலிக்காத 'ஈ' ஒன்று உண்டு. முன்னுள்ள 'ஓ'வை நீட்டி ஒலிக்க வைப்பது அதுதான். 'இங்' வந்ததும் அது விலகிக்கொள்ளும். பந்தோடு ஐ சேர்கையில் உகரம் கெட்டுப் 'பந்தை' ஆவதுபோல.

'அவன்' என்பது 'அவனை' ஆகும்போது இரட்டிப்பதில்லை. அதுபோலவே ஈரசைச் சொல்லான 'விசிட்'டும். ஆனால் கடைசி அசையில் அழுத்தம் விழும் 'பிகின்' இரட்டிக்கும். அங்கே ஆங்கிலம் தன் வழியில் போகிறது.

இரண்டும் உறவில்லாத மொழிகள். ஒப்புமை தற்செயலானதே. 'கம்', 'கிவ்' போன்ற சொற்களில் கடைசி 'ஈ' எதையும் நீட்டுவதுமில்லை. பாடமாக்க வேண்டியவை இருக்கவே செய்கின்றன. ஆனால் எல்லாவற்றையும் பாடமாக்க வேண்டியதில்லை என்று அறிவதே பிள்ளைக்குப் பாதிப் பயத்தைப் போக்கிவிடும்.

மாலையில் கைபேசியோடு வந்தாள். கனடாவுக்கு ஒரு புதிய செய்தி. வேறு இரண்டு பிழைகள் இருந்தன. 'ஹோப்பிங்'கில் 'பி' ஒன்றுதான்.

"சரியோ மாமா?"

"அனுப்பு பிள்ளை" என்றேன்.