பேரில்லாத கேசட்
(இரண்டாம் ஆண்டு, எலெக்ட்ரானிக்ஸ்)

2025 மார்ச் 8-ந் தேதி லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் குழுவோடு இளையராஜா சிம்பொனி அரங்கேற்றியபோது ஹாஸ்டலே அதைத்தான் பேசியது. எனக்கு மட்டும் எங்கப்பாவின் பழைய கேசட் ஞாபகம் வந்தது.

அப்பா நாமக்கல் லாரி டிரைவர். படிப்பு ஐந்தாவது. கிளீனராக இருந்த காலத்தில் "இளையராஜா கேசட் குடுங்க" என்று கேட்டு வாங்கியதில் பாட்டே இல்லை, வெறும் வயலின்! கடைக்காரரைத் திட்டிக்கொண்டே போட்டவர், அப்புறம் அதை விடவே இல்லை. சினிமாப் பாட்டு கேட்டால் மனசு வீட்டுக்கு ஓடிவிடுமாம். "இது அடுத்து எங்க திரும்பும்னே தெரியாது கண்ணு. தூக்கம் எங்கிட்டு வரும்?" என்பார்.

அட்டையில் இங்கிலீஷ். வீட்டில் யாருக்கும் படிக்கத் தெரியாததால் அது 'பேரில்லாத கேசட்' ஆகிவிட்டது. ஆறாவது படிக்கும்போது நான்தான் எழுத்துக்கூட்டிப் படித்தேன்: 'ஹவ் டு நேம் இட்'.

"அப்படின்னா?"

"இதுக்கு என்ன பேரு வைக்கிறதுன்னு அர்த்தம்ப்பா."

அப்பா சிரித்த சிரிப்பு இருக்கிறதே! "அவருக்கே தெரியலையா? அப்ப நாம வெச்ச பேரு சரிதான்."

1986-ல் வந்த அந்தத் தொகுப்பு, ஜெர்மனியின் பாக் (1685–1750), நம் திருவையாறு தியாகராஜர் (1767–1847) இருவருக்கும் காணிக்கை. முதன்மை வயலின் வி.எஸ்.நரசிம்மன். அதில் 'பியூக்' வடிவத்தில் ஒரு இசை உண்டு. ஒரு வயலின் சொன்னதையே இன்னொன்று பின்னால் வந்து சொல்லும். அதற்குள் முதலாவது வேறு எங்கோ போயிருக்கும். தொப்பூர் கணவாயில் லாரிக்குப் பின்னால் லாரி ஏறுகிற மாதிரி!

போன தீபாவளி லீவில் லாரி டெக்கைக் கழற்றினேன். ஸ்டீரியோ கேசட்டில் ஒரு பக்கத்துக்கு இரண்டு தடம், இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. டேப் வினாடிக்கு 4.76 செ.மீ. ஓடும். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் இடது ஸ்பீக்கருக்குப் போகும் வயர் உள்ளே அறுந்து, துருப்பிடித்துக் கிடந்தது. எத்தனை வருஷமோ! சின்ன வயதில் அந்த கேபினில் உட்கார்ந்து நானும் கேட்டவன்தான். ஒரு நாளும் கவனிக்கவில்லை.

பற்றவைத்துப் போட்டேன். அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். வண்டி நின்றுகொண்டுதான் இருந்தது.

"இந்தப் பக்கம் வாசிக்கறவங்க எல்லாம் புதுசா கண்ணு?"

"இல்லப்பா, முதல்ல இருந்தே இருக்காங்க."

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேசட்டை அவரே எடுத்து, முதலிலிருந்து சுற்றச் சொன்னார்.