ரெடிமேட் சட்டையும் சித்தப்பாவின் கடன் கணக்கும்

ரொம்ப நாளாக எழுத நினைத்து, வெட்கத்தில் தள்ளிப்போட்ட கதை இது.

சித்தப்பாவுக்கு மதுரையில் ஸ்டேஷனரி மொத்த வியாபாரம். நோட்டு, பேனா, ஏ4 பேப்பர் எல்லாம் பள்ளிக்கூடங்களுக்கு 30 நாள் கடனில் போகும். 2025 ஜூலையில் நான் அங்கே போயிருந்தபோது, "பி.காம் படிக்கிறவன் சும்மாதானே உக்காந்திருக்க, வசூலைக் கொஞ்சம் பாருடா" என்றார். போன் போட்டுக் காசு கேட்க எனக்குக் கூச்சம். சோம்பேறித்தனமும்தான், ஒத்துக்கறேன் :-)

அப்போது கையில் சிக்கியது என்8என். ஜெர்மனியின் பெர்லினில் யான் ஓபர்ஹவுசர் என்பவர் 2019-ல் தொடங்கியது. திரையில் சின்னச் சின்னப் பெட்டிகள். ஒரு பெட்டி கூகுள் ஷீட்டைப் படிக்கும், இன்னொன்று மெயில் அனுப்பும், நடுவில் ஏஐ ஏஜென்ட் பெட்டி யாருக்கு என்ன எழுதுவது என்று யோசிக்கும். பெட்டிகளைக் கோடு போட்டு இணைத்தால் வேலை ஓடும். அதைக்கூட நாம் செய்ய வேண்டாம். மற்றவர்கள் செய்து வைத்த டெம்ப்ளேட்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. எடுத்து ஒட்டிவிட்டு, நம்முடைய ஜிமெயில் அனுமதியையும் ஏஐ மாடலின் சாவியையும் கொடுத்தால் முடிந்தது.

நானும் ஒன்றை எடுத்தேன். தவணை தாண்டிய பில்லுக்குத் தினமும் காலையில் நினைவூட்டல் அனுப்பும் டெம்ப்ளேட். அதோடு வந்த ஷீட்டிலேயே சித்தப்பாவின் பில்களை ஏற்றினேன். சோதனைக்கு என் பெயரில் ஒரு பில், தவணைத் தேதி 06/06/2025. மெயில் ஜம்மென்று வந்தது. மாப்பிள்ளை, நீ ஜெயிச்சுட்டடா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஜூலை 10. கடைக்குப் பதினெட்டு வருட வாடிக்கையான ஒரு பள்ளிக்கு மெயில் போனது. 'உங்கள் தவணை கடந்துவிட்டது, உடனே செலுத்தாவிட்டால் மேல்நடவடிக்கை' என்கிற தொனியில். அந்த பில் போட்டு இரண்டே நாள்தான் ஆகியிருந்தது!

என்ன நடந்தது? தவணைத் தேதி 07/08/2025. நமக்கு அது ஆகஸ்ட் 7. அந்த ஷீட்டோ அமெரிக்க அமைப்பில் இருந்தது. அதற்கு அது ஜூலை 8. 25/07 மாதிரித் தேதிகளை அது தேதியாகவே எடுத்துக்கொள்ளாமல் வெறும் எழுத்தாக விட்டுவிட்டது. அதனால் நிஜமாகவே பாக்கி வைத்திருந்த சிலருக்கு மெயிலே போகவில்லை. என் சோதனைத் தேதியோ 06/06. எப்படிப் படித்தாலும் ஜூன் 6-தான்! தப்பு முழுக்க என்னுடையது. எந்த ஊர் அமைப்பு என்று பார்க்கவில்லை. ஏஜென்டுக்கு எழுதியிருந்த கட்டளையையும் படிக்கவில்லை. 'கண்டிப்பாக எழுது' என்று முகம் தெரியாத யாரோ அதில் எழுதி வைத்திருந்தார்.

சித்தப்பா உடனே பைக்கை எடுத்துக்கொண்டு அந்தப் பள்ளிக்குப் போனார். திரும்பி வந்து சொன்னார்: "ஒரு வார்த்தை கோவமாப் பேசலைடா. டீ வாங்கிக் குடுத்தாரு. செக்கை எழுதி மேசை மேல ரெடியா வச்சிருந்தாரு." அந்தச் செக்கைச் சித்தப்பா வாங்கவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

ரெடிமேட் சட்டை என்றால் போட்டுப் பார்த்துக் கையைச் சுருக்குவோம், பட்டனை மாற்றுவோம். டெம்ப்ளேட்டை மட்டும் கடையில் தொங்கியபடியே மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். தைத்தவர் ஊரின் தேதியும், அவர் கடன் கேட்கும் விதமும் அதிலேயே சேர்த்துத் தைத்திருக்கிறது என்று தோன்றவே இல்லை.

பிறகு சரி செய்தேன். ஷீட்டை இந்திய அமைப்புக்கு மாற்றினேன். கட்டளையை நானே எழுதினேன். முக்கியமாக, ஏஜென்ட் இப்போது மெயிலை எழுத மட்டும் செய்யும். அது டெலிகிராமில் சித்தப்பாவுக்கு வரும். அவர் சரி என்று தட்டினால்தான் போகும். ஆடிட்டிங் வகுப்பில் தூங்கிக்கொண்டே கேட்டதுதான்: எழுதுபவர் ஒருவர், ஒப்புதல் தருபவர் வேறொருவர்.

முதல் வாரம் வந்த ஏழு மெயிலில் மூன்றை அவர் வேண்டாம் என்று தள்ளினார். ஏன் என்று கேட்டேன். "ஒருத்தர் வீட்ல துக்கம். ஒருத்தர் ஒண்ணாந்தேதி தவறாமக் குடுத்துடுவாரு. இன்னொருத்தரை நேர்ல பாத்துக் கேக்கணும், மெயில்ல கேட்டா நல்லாருக்காது." என் ஷீட்டில் இதற்கெல்லாம் பத்தியே இல்லை. போடட்டுமா என்றேன். சிரித்தார்.

அந்தப் பள்ளி ஆகஸ்ட் 7-ஆம் தேதி சரியாகப் பணம் கொடுத்தது. அடுத்த ஆர்டரும் வந்தது, ஆனால் ரொக்கத்துக்கு. "எதுக்குங்க கடன்" என்று சொல்லிவிட்டார்களாம். பி.காம் பாடப்படி பார்த்தால் இது நல்ல செய்தி. வராக்கடன் பயமே இல்லை. அன்றைக்குக் கல்லாவில் அந்தப் பணத்தை எண்ணி வைத்த சித்தப்பா முகத்தில்தான் எந்தச் சந்தோஷமும் தெரியவில்லை.