பீர் போனோம்... பனியில நடந்தோம்!

‘பீர்’னு சொன்னதும் சிரிக்காதீங்க பாஸ், அது ஊர் பேரு! இமாச்சலப் பிரதேசம், காங்க்ரா மாவட்டம், தவ்லதார் மலையடிவாரம். அங்கிருந்து 14 கிலோமீட்டர் ரோட்டில் ஏறினா பில்லிங். உயரம் சுமார் 2,400 மீட்டர். பாராகிளைடிங் பைத்தியங்களுக்கு அதுதான் கோயில். 2015-ல் பாராகிளைடிங் உலகக் கோப்பை நடந்தது அங்கேதான். அக்டோபர்ல போனீங்கன்னா வானம் பூரா கலர் கலரா குடை விரிச்ச மாதிரி இருக்கும்.

நாங்க போனது ஜனவரியில்! பக்கத்து முகட்டில் இன்னொரு டேக்-ஆஃப் இடம் தேறுமானு பார்க்க ஒரு பைலட் கிளம்பினார். நானும் ரெண்டு ஃப்ரெண்ட்ஸும் ஒட்டிக்கிட்டோம். அவரை ‘பையா’னுதான் கூப்பிட்டோம். இந்தியில் அண்ணன்னு அர்த்தம். நம்மூர்ல பெரியவங்களை அப்படிக் கூப்பிட்டுப் பாருங்க, உதைதான்!

பனி ஆரம்பிக்கிற வளைவு வரை ஜீப். அப்புறம் ஸ்னோஷூ. டென்னிஸ் ராக்கெட்டை ஷூவுக்கு அடியில் கட்டின மாதிரி ஒரு சமாசாரம். எடையைப் பரப்பளவால் வகுத்தா அழுத்தம்... ஸ்கூல் பிசிக்ஸ்தான். பரப்பு நாலஞ்சு மடங்கு ஆகறதால, முழங்கால் வரை புதையுற இடத்தில் கணுக்கால் அளவுதான் இறங்குது. ஆனா வாத்து மாதிரி காலை அகட்டி நடக்கணும். ஒரு மணி நேரத்தில் தொடை கதறிடும்.

பறக்க இடம் தேட எதுக்குப் பனிக்காலம்? கேட்டதுக்கு, பையா ஒரு பாறையைக் காட்டினார். ஒரு பக்கம் பனி சுரண்டி எடுத்த மாதிரி மெலிசு. மறுபக்கம் இடுப்பளவு குவியல். காற்று மோதுற பக்கம் பனி நிக்காது; மறைவில் கொண்டு போய்க் கொட்டிடும். அந்த மறைவில்தான் காற்று சுழலும். பாராகிளைடர் அதுல மாட்டினா இறக்கை மடங்கிடும். மத்த நாள்ல கண்ணுக்கே தெரியாத காற்று, இப்போ தன்னோட ரூட் மேப்பையே போட்டு வெச்சிருக்கு!

முகட்டுக்கு வந்தப்போ மணி பதினொண்ணு. கீழே தெற்குப் பார்த்த சரிவு, ஒரு புதர்கூட இல்லாம வழவழனு வெள்ளை. “இதான் ஸ்பாட்!”னு ஃப்ரெண்ட் ஒருத்தன் இறங்கப் போக, பையா அவன் முதுகுப்பையைப் பிடிச்சு இழுத்தார். நடைக் கம்பைச் சரிவில் சாய்ச்சு, அது மேல செல்போனை வெச்சு அளந்தோம். 36 டிகிரி. 30-லிருந்து 45 வரைதான் பனிப்பாளம் சரிஞ்சு விழ ரொம்ப வசதியான சாய்வு. போதாததுக்கு, காற்று முகட்டைத் தாண்டி வந்து கொட்டின பனி, பழைய பனியோட ஒட்டாம உட்கார்ந்திருந்தது. நாலு பேர் எடை போதும், மொத்தமா கிளம்பிடும். பனி அங்கே குவிஞ்சிருக்குன்னாலே காற்று வடக்கிலிருந்து வருதுன்னு அர்த்தம். பறக்கிறவனுக்கு வேண்டியது முகத்தில் அடிக்கிற காற்று; இங்கே முதுகில் தள்ளும். ஆக, அந்த அழகான சரிவு ரெண்டு விதத்திலும் அவுட்!

அவன் மூஞ்சி தொங்கிடுச்சு. பையா அசரலை. முகட்டு மேலேயே இன்னும் அரை மணி நேரம் நடத்தினார். மேற்குப் பார்த்த ஒரு குட்டி மேடு. பார்க்க ஒண்ணும் விசேஷமில்லை. பனி மெலிசு, காய்ஞ்ச புல் எட்டிப் பார்க்குது, சாய்வு 24 டிகிரி. கம்புல ரிப்பன் கட்டி ஒரு மணி நேரம் உட்கார்ந்தோம். பெரும்பாலும் எதிர்க்காற்று, மூணு தடவை மட்டும் திரும்பிச்சு. ஜி.பி.எஸ்.ல குறிச்சுக்கிட்டு, “மார்ச்ல இன்னொரு தடவை பார்க்கணும்”னார். அதுக்கு அப்புறம்தான் அரசு அனுமதிக்கு அலையணுமாம்!

நீங்களும் போறீங்களா? பதான்கோட் வரை ரயில், அங்கிருந்து பஸ். ஜூலை 15 முதல் செப்டம்பர் 15 வரை பறக்கத் தடை. பனிக்குப் போனா கூலிங்கிளாஸ் கட்டாயம், பந்தாவுக்கு இல்லை, பனியில் பட்டுத் திரும்புற வெயில் கண்ணைப் பொசுக்கிடும். உள்ளூர் ஆள் இல்லாம ஏறாதீங்க. இறங்கினதும் பீர்ல இருக்கிற திபெத்தியர் குடியிருப்புக்குப் போய் சுடச்சுட மோமோ சாப்பிடுங்க. மூஞ்சி தொங்கினவன் மூணு பிளேட் காலி பண்ணினான்!